கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்கு இதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதுமே ஏற்பாட்டில் இருந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நம்ம மேடையில பேச வேற விஷயமே இல்லையா? நீலப்படம் எடுக்குறவனுக்கு என்ன அறம், என்ன நெறி?" அவன் கோபத்தில் கேட்கவில்லை, கூச்சத்தில் கேட்டான். பக்கத்தில் இருந்த இன்னொரு தோழர் கூச்சப்படாமல் கேட்டார்: "காசு வாங்கிட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டாங்க. அப்புறம் என்னங்க சம்மதம் இருந்துச்சா, இல்லையான்னு ஆராய்ச்சி?"

தம்பியின் கூச்சம் பேசப் பேசத் தானாகப் போய்விடும். தோழருடைய கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். காரணம், அந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. செங்கல் சூளையில் அதைக் கேட்டிருக்கிறோம். அரிசி ஆலையில் கேட்டிருக்கிறோம். "முன்பணம் வாங்கும்போது கை நீட்டினே இல்ல? இப்ப என்ன போறேங்குற?" இது நம்முடைய அப்பனையும் பாட்டனையும் பார்த்துக் கேட்ட கேள்வி. அதே கேள்வியை இன்றைக்கு நாம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கிறோம் என்றால், நாம் எங்கேயோ இடம் மாறி உட்கார்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நான் வங்கியில் எழுத்தர். பகல் முழுக்கக் கையெழுத்துப் பார்க்கிற வேலை. காசோலையில் இருக்கிற கையெழுத்தும் எங்களிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போனால் போதும், பணம் கொடுக்கலாம். போட்டவர் மனதில் என்ன இருந்தது என்கிற விஷயம் என் கவுன்ட்டருக்கு வராது. கடன் பத்திரம் என்றால் ஒரு கட்டு இருக்கும். போட வேண்டிய இடத்திலெல்லாம் நாங்களே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்போம். "இங்க, இங்க, அப்புறம் இங்க." எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், உள்ளே இருப்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டிப் புரியவைத்தோம் என்று ஒரு வரி உண்டு. அதன் கீழேயும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வரிசை நிற்கும். மேலாளர் எட்டிப் பார்ப்பார்.

ஒருமுறை ஒரு பாட்டி கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் இருந்த மையைத் தலையில் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" மகன் வாங்கிய கடனுக்கு அவர் ஜாமீன். "வழக்கமா எழுதுறதுதான் பாட்டி" என்றேன். படித்துக் காட்டினோம் என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பத்திரம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் செல்லும். ஆனால் அந்தப் பாட்டி எதற்குச் சம்மதித்தார் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் நானும் காலைக் காட்சிக்குப் போனவன்தான். உங்களில் சிலருக்கும் தெரியும். ஏதோ ஒரு மலையாளப் படம் ஓடும். நடுவில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒரு துண்டு வரும். அதற்குத்தான் 'பிட்டு' என்று பெயர். படத்தில் நடித்தது ஒரு பெண், பிட்டில் இருப்பது இன்னொரு பெண். அந்த நடிகையிடம், "உன் படத்தின் நடுவே இதை ஒட்டப் போகிறோம்" என்று யாராவது கேட்டிருப்பார்களா? பிட்டில் இருந்த பெண்ணிடம், "இது எந்தெந்த ஊர்த் தியேட்டரில் ஓடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்களா? பிட்டு வரவில்லை என்றால் நாற்காலியைக் கிழித்தோம். இந்தக் கேள்வி மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. திரையில் இருந்தவளை நாங்கள் ஒரு ஆளாகவே பார்க்கவில்லை.

நம்ம பக்கம் அந்தத் தொழிலுக்கு ஒப்பந்தமும் கிடையாது, கணக்கும் கிடையாது. எல்லாமே திருட்டுத்தனமாக நடந்தது. அதனால் சம்மதம் எப்படி வாங்கினார்கள் என்று ஆராய ஆவணமும் இல்லை. ஆகவே, ஒப்பந்தம் எழுதி, அடையாள அட்டை வாங்கி, சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாகவே இது நடக்கிற இரண்டு நாடுகளைப் பார்ப்போம். ஒன்று அமெரிக்கா, இன்னொன்று ஜப்பான். எல்லாம் காகிதத்தில் சரியாக இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

*

1988இல் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நடிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுத்து இப்படிப் படம் எடுப்பதை விபச்சாரத்துக்கு ஆள் பிடிப்பதாகக் கருத முடியாது என்று அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகு அங்கே இது வெளிப்படையான தொழில் ஆனது. அதே 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நடிப்பவருக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்று சான்று பார்க்க வேண்டும், அந்தப் பதிவைப் படம் எடுத்தவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாதுகாக்க வந்த சட்டம், தேவையான சட்டம். ஆனால் அது என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். வயது கேட்கிறது, பெயர் கேட்கிறது. 'உனக்கு விருப்பமா' என்று கேட்கவில்லை.

அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள்தான் சான் டியாகோ நகரத்தில் 'கேர்ல்ஸ் டூ போர்ன்' என்ற நிறுவனத்தை நடத்தியவர்கள். விளம்பர மாடல் வேலை என்று இணையத்தில் விளம்பரம் கொடுப்பார்கள். விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கிற கல்லூரிப் பெண்கள், வெளிமாநிலத்துக்காரர்கள். பிறகு மெதுவாக உண்மையான வேலையைச் சொல்வார்கள். பயந்த பெண்ணிடம் இரண்டு வாக்குறுதி. ஒன்று, இது இணையத்தில் வராது, ஆஸ்திரேலியா மாதிரித் தூர தேசத்தில் சில பேருக்கு டிவிடியாக மட்டும் போகும். இரண்டு, உன் பெயர் எங்கேயும் வராது. சந்தேகப்பட்டால் இன்னொரு பெண்ணைப் போனில் பேசவிடுவார்கள். "நானும் நடிச்சேன், இதுவரைக்கும் யாருக்கும் தெரியலை" என்று அவள் சொல்வாள். அப்படிச் சொல்வதற்கு அவளுக்குக் காசு.

விமானத்தில் அழைத்து வந்து ஓட்டல் அறையில் விடுவார்கள். கடைசி நேரத்தில் பத்திரத்தை நீட்டுவார்கள். படிக்க நேரம் கிடையாது. அந்தப் பத்திரத்தில் இணையதளத்தின் பெயரே இருக்காது, ஏதேதோ கம்பெனிப் பெயர் இருக்கும். "இங்க, இங்க, அப்புறம் இங்க." எனக்கு அந்த அறை தெரியும், தோழர்களே. அந்தப் பேனாவும் தெரியும். மனம் மாறி "வேண்டாம், ஊருக்குப் போகிறேன்" என்று சொன்ன பெண்களிடம், வழக்குப் போடுவோம், ஊர் திரும்ப டிக்கெட்டை ரத்து செய்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். சொன்ன தொகையைவிடக் குறைத்துக் கொடுத்ததும் உண்டு. படம் கொஞ்ச நாளில் இணையத்தில் ஏறியது. பெற்றோருக்கு, தம்பி தங்கைக்கு, கல்லூரி நண்பர்களுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. சிலர் படிப்பை விட்டார்கள். சிலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்.

அதில் 22 பெண்கள் சேர்ந்து நடத்திய சிவில் வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஏமாற்றி வாங்கிய அந்த ஒப்பந்தங்கள் செல்லாது, சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டும், அந்தப் படங்களின் உரிமை அந்தப் பெண்களுக்கே என்றார் நீதிபதி. அதற்கு முன்பே, 2019 அக்டோபரில், பாலியல் சுரண்டலுக்காக ஆள் கடத்தியதாக மத்திய அரசு குற்ற வழக்குப் போட்டிருந்தது. நிறுவனத்தை நடத்திய மைக்கேல் பிராட் நாட்டை விட்டு ஓடிப்போனார். 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டார். 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 27 ஆண்டுச் சிறைத் தண்டனை.

நன்றாகக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் வயது நிரம்பியவர்கள். எல்லாருடைய கையெழுத்தும் இருந்தது. பணமும் வாங்கியிருந்தார்கள். நம்முடைய தோழர் கேட்ட இரண்டு விஷயமும் பொருந்துகிறது. அப்படியும் நீதிமன்றம் அது சம்மதம் இல்லை என்று சொன்னது. ஏன்? எதற்குச் சம்மதிக்கிறோம் என்கிற விஷயத்தையே மறைத்துவிட்டால், மிச்சம் இருப்பது மை மட்டும்தான்.

"படத்துல சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க" என்று சிலர் சொல்வார்கள். 1972இல் 'டீப் த்ரோட்' என்று ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் சாதாரணத் தியேட்டர்களிலேயே ஓடி உலகப் புகழ் பெற்ற நீலப்படம். அதில் நடித்த லிண்டா போர்மன் 1980இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். கணவர் அடித்து, துப்பாக்கி காட்டி மிரட்டித்தான் நடிக்க வைத்தார் என்று எழுதினார். 1986இல் அரசு அமைத்த விசாரணைக் குழு முன்னாலும் போய்ச் சொன்னார். அந்தப் படத்தில் அவர் சிரித்தபடிதான் இருக்கிறார். பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் பறையடித்த நம்ம ஆட்களும் சிரித்தபடிதான் அடித்தார்கள். சிரிப்பு சாட்சி ஆகாது.

*

சரி, ஏமாற்றவில்லை, அடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டார்கள். அவளும் பணம் தேவை என்பதால் ஒப்புக்கொண்டாள். அது சம்மதமா?

இந்த இடத்தில் நம்மிடமே ஒரு வெளிச்சம் இருக்கிறது. 1947இல் அம்பேத்கர் 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' என்ற ஆவணத்தில் இதைக் கேட்கிறார். வேலையில்லாத ஒருவன் முன்னால் ஒரு பக்கம் ஒரு வேலையையும், மறுபக்கம் அவனுடைய உரிமைகளையும் வைத்து, 'இரண்டில் ஒன்றை எடு' என்றால் எதை எடுப்பான்? பசி இருக்கிறவன் உரிமையை விட்டுவிட்டு வேலையைத்தான் எடுப்பான். அதைச் சுதந்திரம் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதுதான் அவர் வாதம். பிறகு 1982இல் உச்ச நீதிமன்றம், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இதே தடத்தில் நடந்தது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு என்பது சாட்டையால் அடித்து வாங்குவது மட்டுமல்ல; வேறு வழியில்லாமல், பசியாலும் வறுமையாலும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க ஒப்புக்கொண்டால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது. கல் சுமக்கிற உடம்புக்கு இந்த நியாயம் உண்டு என்றால், காமிரா முன்னால் நிற்கிற உடம்புக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

உடனே ஒருவர் எழுந்து, "அப்படின்னா மொத்தமாத் தடை செய்யச் சொல்லுங்க" என்பார். அவசரப்பட வேண்டாம். ஏழை சொல்கிற 'சரி' எதுவுமே செல்லாது என்று நாம் சொல்லிவிட்டால், ஏழைக்குப் புத்தியே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்று சொன்னாலும் அவன் பட்டினி கிடக்காதபடி நிலைமையை மாற்று என்றார். 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் 'சரி' என்பதற்கு மதிப்பு உண்டு. சம்மதத்தைப் பற்றிய என்னுடைய மொத்தப் பேச்சும் இந்த ஒரு வாக்கியம்தான்.

*

'வேண்டாம்' என்பதைச் சட்டமாக எழுதிப் பார்த்த நாடு ஜப்பான்.

அங்கே ஒரு பெண்ணை மாடலாக ஆக்குகிறேன் என்று சொல்லிப் பள்ளி வயதிலேயே ஒரு ஏஜென்சி பிடித்தது. வயது வந்ததும் நீலப்படத்தில் நடி என்றது. அவள் மறுத்தாள். ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று சொல்லி 2 கோடியே 40 லட்சம் யென்னுக்கும் மேல் நஷ்டஈடு கேட்டு அவள் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒருவருடைய விருப்பத்துக்கு எதிராகக் கட்டாயப்படுத்தி வாங்கக்கூடிய வேலை இது அல்ல என்று சொன்னது. அடுத்த ஆண்டு மனித உரிமை அமைப்பு ஒன்று இப்படிப் பல பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. நாடு முழுக்கப் பேச்சானது.

2022 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் சட்டப்படி வயது வந்தவர் ஆகிற வயது இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. அதுவரை, பெற்றோர் சம்மதமில்லாமல் தாங்கள் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்கிற உரிமை பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களுக்கு இருந்தது. அது போய்விட்டது. ஏஜென்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. அந்த ஜூன் மாதமே நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வங்கி எழுத்தனாக எனக்கு ஆசையாக இருக்கிறது, சொல்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது அதில் இருக்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகாமல் படம் எடுக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்த நேரத்தில் விருப்பம் இல்லாததைச் செய்ய மறுக்கலாம். எடுத்ததை நடித்தவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எடுத்து நான்கு மாதம் ஆகாமல் வெளியிடக்கூடாது. வெளியிட்ட பிறகும் ஓராண்டு வரை எந்தக் காரணமும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சட்டம் வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் போட்ட ஒப்பந்தங்களுக்கு இது இரண்டு ஆண்டு. ரத்து செய்ததற்காக நஷ்டஈடு கேட்க முடியாது. ரத்து செய்யவிடாமல் பொய் சொன்னாலோ மிரட்டினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, நிறுவனமாக இருந்தால் 10 கோடி யென் வரை அபராதம்.

சான் டியாகோ அறையில் நேரம்தான் ஆயுதமாக இருந்தது. "சீக்கிரம், சீக்கிரம், காமிராமேன் காத்திருக்கார்." இந்தச் சட்டம் அந்த ஆயுதத்தைப் பிடுங்கி நடிப்பவர் கையில் கொடுக்கிறது. ஒரு மாதம் யோசி. நான்கு மாதம் யோசி. அப்புறமும் மனம் மாறலாம். என் பாட்டிக்கு ஒரு நாள்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டத்தை எல்லாரும் கொண்டாடவில்லை. நடிக்கிற பெண்கள் பலரே எதிர்த்தார்கள். "எங்களைக் கேட்காமலே எங்களுக்காகச் சட்டம் போட்டீர்கள். ஒரு மாதம், நான்கு மாதம் என்று இழுத்தால் அதுவரை நாங்கள் எதைச் சாப்பிடுவது?" என்பது அவர்கள் வாதம். சட்டம் வந்த சமயத்தில் படப்பிடிப்புகள் நின்று வேலை போனவர்கள் உண்டு. எதிர்த் திசையிலிருந்து பெண்ணுரிமை அமைப்புகள் சிலவும் எதிர்த்தன. காசுக்குப் பாலுறவு என்பதை இது சட்டமாக்கிவிடுகிறது என்றன. இரண்டு பக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். முதல் பக்கத்தைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். நமக்காக நம்மைக் கேட்காமல் போட்ட சட்டங்களின் கீழே வாழ்ந்தவர்கள் நாம்.

கலிபோர்னியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2004இல் அங்கே ஒரு நடிகருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியாமல், அவருடன் நடித்த மூன்று பெண்களுக்கு அது பரவியது. தொழில் ஒரு மாதம் நின்றது. பிறகு பரிசோதனை முறை இறுகியது. 2013 முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை பரிசோதனை என்று ஆனது. எதிரில் இருப்பவருடைய பரிசோதனை முடிவைப் பார்க்காமல் நான் சொல்கிற 'சரி', எதற்குச் சொன்ன 'சரி'? ஆகவே உடல்நலமும் சம்மதத்தின் ஒரு பகுதிதான். ஆனால் அந்தப் பரிசோதனைச் செலவு பெரும்பாலும் நடிப்பவர் தலையிலேயே விழுந்தது. ஆலைத் தொழிலாளிக்குத் தலைக்கவசத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். இங்கே அந்தக் கேள்வி எழவில்லை.

2016இல், ஆணுறை கட்டாயம் என்று ஒரு சட்டத்தைக் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கேட்க நல்ல விஷயம். ஆனால் விதி மீறல் என்று அந்த மாநிலத்தில் குடியிருக்கிற யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். வழக்கு என்று வந்தால் எங்கள் உண்மைப் பெயரும் வீட்டு விலாசமும் வெளியே வரும், யாரோ ஒருவன் வாசலில் வந்து நிற்பான் என்று நடிப்பவர்களே தெருவில் இறங்கிப் பிரச்சாரம் செய்தார்கள். சட்டம் தோற்றது. நல்ல நோக்கம் இருந்தாலும், அந்த வேலையைச் செய்கிறவரைக் கேட்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, அவர்களே என்ன நெறி கேட்கிறார்கள்? நம்ம கூலிக்காரர்கள் கேட்கிற மாதிரிதான் இருக்கிறது. என்ன செய்யப் போகிறோம், யாரோடு, என்ன சம்பளம் என்பதை முன்கூட்டிச் சொல். 'இது செய்வேன், இது செய்யமாட்டேன்' என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறேன், அதைத் தாண்டாதே. படப்பிடிப்பு அன்றைக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்றால் திரும்பவும் கேள், காமிரா ஓடும்போது கேட்காதே. 'நிறுத்து' என்றால் நிறுத்து. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை என் கையில் கொடு. இவ்வளவுதான். இதில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். நிறுத்தினாலும் அதுவரை செய்த வேலைக்குக் கூலி வேண்டும். காட்சி முழுக்க முடிந்தால்தான் சம்பளம் என்றால், வீட்டு வாடகை பாக்கி இருக்கிற பெண் நடுவில் எப்படி 'நிறுத்து' என்பாள்? நெறி என்று தனியாக எழுதி வைத்தாலும் கூலியில்தான் அதன் உயிர் இருக்கிறது.

*

என் தொழில் சம்பந்தமான ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை போர்ன்ஹப் என்ற பெரிய இணையதளத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. சிறுமிகளின் படங்களும், சம்மதமில்லாமல் ஏற்றிய படங்களும் அதில் கிடக்கின்றன, நீக்கச் சொல்லி அழுதாலும் நீக்கியபின் திரும்ப ஏறிவிடுகின்றன என்று எழுதியது. ஆண்டுக்கணக்காக அந்தப் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான். யாரும் அசையவில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்தியதும், அடையாளம் சரிபார்க்காதவர்கள் ஏற்றிய லட்சக்கணக்கான படங்களைச் சில நாளில் அந்தத் தளமே அகற்றியது. 2021 அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டு ஒரு விதி கொண்டுவந்தது. படத்தில் இருக்கிற ஒவ்வொருவருடைய வயதுக்கும் அடையாளத்துக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் வேண்டும், புகார் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று. 2023 டிசம்பரில் போர்ன்ஹப்பின் தாய் நிறுவனம், சான் டியாகோ கும்பலிடமிருந்து பணம் பெற்றதை அமெரிக்க அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது.

அழுகை அசைக்காததைக் கல்லாப்பெட்டி அசைத்தது. இது வெற்றியா? பாதி வெற்றி. வங்கிக்காரனாக எனக்குத் தெரியும், நிறுவனம் தன் பெயருக்குப் பயந்து எடுக்கிற முடிவு நாளைக்கு எந்தப் பக்கமும் திரும்பும். 2021 ஆகஸ்டில் ஓன்லிஃபேன்ஸ் என்ற தளம், வங்கிகளின் நெருக்கடியால் பாலியல் படங்களையே தடை செய்வதாக அறிவித்தது. யாருடைய மிரட்டலும் இல்லாமல், தானே எடுத்து, தானே விற்று, தானே கணக்குப் பார்த்த பெண்கள்தான் முதலில் திகைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். கார்டு நிறுவனம் காவலன் ஆக முடியாது. அதைக் கேள்வி கேட்க உனக்கு ஓட்டு கிடையாது.

*

கடைசியாக நம் வாசலுக்கு வருகிறேன். இங்கே இப்படிப் படம் எடுத்து வெளியிடுவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் குற்றம். அதனால் ஏமாந்த பெண் காவல் நிலையத்துக்குப் போகவே பயப்படுவாள். முதல் கேள்வியே "நீ ஏம்மா போனே?" என்றுதான் இருக்கும். ஆனால் 2013இல் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த ஒரு விளக்கம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 354சி என்று இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு. ஒரு பெண் தன் அந்தரங்கத்தைப் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மற்றவருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். எடுக்கச் சொன்ன 'சரி' வேறு, காட்டச் சொன்ன 'சரி' வேறு. சான் டியாகோவில் பல ஆண்டு போராடிப் பெற்ற நியாயம் நம்ம சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே ஒரு வரியாக இருக்கிறது. விடுதி அறையில் ஒருவன் போனை நீட்டி, "மச்சி, இதைப் பாரேன்" என்கிறபோது அந்த வரி ஞாபகத்துக்கு வர வேண்டும். அந்தப் பெண்ணே அவனுக்கு அனுப்பியிருந்தாலும், உனக்கு அனுப்பவில்லை.

ஒழுக்கம் வேறு, அறம் வேறு என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும் தோழர்களே. ஒழுக்கம் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்கும்: நீ நல்லவளா? நம் வீட்டுப் பெண்களைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கேட்டவனே இரவில் வந்து கதவைத் தட்டினான். அறம் அவளைக் கேட்காது. பத்திரத்தை நீட்டியவனைக் கேட்கும்: படித்துக் காட்டினாயா? அவகாசம் கொடுத்தாயா? அவள் 'வேண்டாம்' என்றால் விட்டுவிட உன்னால் முடியுமா? அவள் நாளைக்கு மனம் மாறினால் நிறுத்துவாயா?

இந்தப் பேச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்த வாரத்தில் ஒருநாள், என் மேசைக்கு ஒரு அம்மா வந்தார். மகளிர் குழுக் கடன். கட்டு பெரிய கட்டு. பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தது. நான் பேனாவைக் கொடுக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்துச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆனது. வரிசை முணுமுணுத்தது. மேலாளர் இரண்டு தடவை வந்து பார்த்தார். நான்காவது பக்கத்தில் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இது எனக்கு யாரும் சொல்லலையே தம்பி. வீட்டுல கேட்டுட்டு நாளைக்கு வர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் வந்தாரா என்று கேட்பீர்கள். வரவில்லை. அவர் கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போக முடிந்ததே, அதைத்தான் நான் சம்மதம் என்கிறேன்.